கடல்கட்டியை மறந்த பேய்ப்படங்கள்

‘கிங்ஸ்டன்’ படத்தின் பிற்பாதியில் ஒரு படகு இரவில் கடலுக்குள் போகிறது. அந்த ஊரில் யாரும் இறங்கத் துணியாத கடல் அது. போனவர்கள் பிணமாகவே கரை ஒதுங்குகிறார்கள் என்பது ஊரின் அனுபவம். தூத்துக்குடிக் கரையில் தூவத்தூர் என்றொரு கற்பனை ஊர், 1982-ஐச் சுற்றிப் பின்னப்பட்ட ஒரு சாபம், அதை உடைத்து மீண்டும் மீன்பிடிக்கப் போக நினைக்கும் ஓர் இளைஞன். கமல் பிரகாஷுக்கு இது முதல் படம். ஜி.வி. பிரகாஷ் குமார் நடித்து, இசையமைத்து, தயாரிப்பிலும் பங்கெடுத்தார். 2025 மார்ச் 7 அன்று வெளியானது.

அந்தப் படகு கரையை விட்டு நகரும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பேய்கள் படகில் ஏறியதும் சிலிர்ப்பு அடங்கிவிட்டது. நியாயமாகப் பார்த்தால் நேர்மாறாக அல்லவா நடந்திருக்க வேண்டும்? இந்தக் கேள்வியோடு திரையரங்கை விட்டு வந்தவன், பழைய காலத்தைக் களமாகக் கொண்ட நம் பேய்ப்படங்களை ஒவ்வொன்றாக மனத்தில் ஓட்டிப் பார்த்தேன். அதிலிருந்து எழுந்ததுதான் இந்தக் கட்டுரை. இந்தப் படங்களில் பழங்காலம் என்பது பேய்க்கு மாட்டிவிட்ட உடையா, அல்லது பேய் பிறந்து வந்த வயிறா? இந்த வகைப் படம் நிற்பதும் விழுவதும் இந்த ஒரு கேள்வியில்தான் என்று நினைக்கிறேன்.

தமிழில் இதற்கு விடை தெரிந்த ஒரு படம் 1963-லேயே வந்துவிட்டது. ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’. அதில் முன்ஜென்மக் காதலர்கள் வருகிறார்கள், பாழடைந்த மாளிகை வருகிறது. ஆனால் படத்தைப் பார்த்தவர்களுக்கு இன்றைக்கும் மறக்காத உருவம், நூறு வயதைத் தாண்டியும் சாகாமல் பகையைக் காத்துக்கொண்டிருக்கும் ஜமீன்தாராக வந்த எம்.என். நம்பியார்தான். தன் மகன் ஓர் ஏழைக் குடியானவர் மகளை விரும்பியதைப் பொறுக்காத அந்தக் கிழவருக்கு, இருவரும் மறுபிறவி எடுத்து வந்தாலும் கோபம் தீரவில்லை. செத்தவர்கள் திரும்பி வருவதைவிட, கொன்றவர் சாகாமல் இருப்பதே அச்சம் தருகிறது. அந்த அச்சம் நம் ஊர் மாளிகைக்குள்ளிருந்தே, நம் அந்தஸ்து வெறியிலிருந்தே பிறந்தது.

பிறகு வந்தவற்றில் ஒரு விசித்திரமான பழக்கத்தைப் பார்க்கலாம். 1993-இல் மலையாளத்தில் வந்த ‘மணிச்சித்ரதாழ்’ படத்தில் ஆவியாக அஞ்சப்படும் நாகவல்லி தஞ்சாவூர்க்காரி, தமிழ் பேசுகிறாள். அதே கதை 2005-இல் தமிழில் ‘சந்திரமுகி’ ஆனபோது அவள் ஆந்திரத்திலிருந்து வந்தவளாகி, தெலுங்கில் பாடினாள். மலையாளிக்குத் தமிழச்சி, தமிழனுக்குத் தெலுங்குப் பெண். 2015-இல் வந்த ‘டிமான்டி காலனி’ சென்னை ஆழ்வார்பேட்டையில் உண்மையிலேயே இருக்கும் ஒரு பகுதியின் பெயரையும், அந்தப் பெயருக்குக் காரணமான போர்ச்சுக்கீசிய வணிகரையும் எடுத்துக்கொண்டது. 2017-இல் வந்த ‘அவள்’ படத்தில் பழங்காலத்துச் சீனக் குடும்பம் ஒன்று. ஒவ்வொன்றும் தன்னளவில் நன்றாக எடுக்கப்பட்ட படம்தான். ‘அவள்’ எனக்கு மிகவும் பிடித்தமானதும்கூட. ஆனால் பேய் எப்போதும் வேற்றாளாகவே வருகிறது. வந்தவர் போய்விட்டால் வீடு சுத்தமாகிவிடும் என்ற ஆறுதலோடு நாம் எழுந்து போகிறோம். வீட்டுக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

கேட்ட படங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. ராஹி அனில் பர்வேயின் ‘தும்பாட்’ (2018) 1918-இல் தொடங்கி 1947 வரை வருகிறது. அதில் ஹஸ்தர் என்னும் பூதம் மண்ணுக்கடியில் கிடக்கிறது. பொற்காசுக்காக மனிதர்கள்தான் அதனிடம் இறங்கிப் போகிறார்கள். ஓயாத மழையும் பாழான வாடா என்னும் பழைய மாளிகையும் பசியும் சேர்ந்து, பேராசையை ஒரு குடும்பச் சொத்தாகவே காட்டிவிடுகின்றன. ராகுல் சதாசிவனின் ‘பிரமயுகம்’ (2024) பதினேழாம் நூற்றாண்டு மலபாரைக் கறுப்பு வெள்ளையில் காட்டியது. தப்பி ஓடும் ஒரு பாணன் ஒரு மனையில் சோற்றுக்காகக் கை நீட்டுகிறான். அந்த மனையின் அதிகாரமே அங்கு பேய். கடைசியில் போர்ச்சுக்கீசியப் படையினர் எட்டிப் பார்க்கும்போது, இதைவிடப் பெரிய மனை ஒன்று கப்பலேறி வந்துகொண்டிருக்கிறது என்பது நமக்குப் புரிகிறது. இரண்டு படங்களிலும் காலத்தை மாற்றினால் கதை செத்துவிடும். உடைக்கும் வயிற்றுக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

கடலோரக் கதைக்கு வேண்டுமானால் ஜான் கார்ப்பென்டரின் ‘தி ஃபாக்’ (1980) இருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஒரு சிறு கடற்கரை ஊர் தன் நூற்றாண்டு விழாவைக் கொண்டாடுகிறது. மூடுபனியோடு சேர்ந்து, மூழ்கிய கப்பலின் மாலுமிகள் கரையேறி வருகிறார்கள். ஊரை நிறுவிய பெரியவர்களே பொய்யான வெளிச்சம் காட்டி அந்தக் கப்பலைப் பாறையில் மோதவிட்டு, அதிலிருந்த தங்கத்தை எடுத்துத்தான் ஊரையும் கோயிலையும் கட்டினார்கள் என்று பாதிரியார் ஒரு பழைய நாட்குறிப்பில் படிக்கிறார். இது பெரும் படைப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பனிக்கு ஒரு கணக்கு இருக்கிறது, தீர்க்கவேண்டிய கடன் இருக்கிறது. ‘கிங்ஸ்டன்’ படத்திலும் தங்கம் உண்டு, பழைய பாவம் உண்டு. ஆனால் கடன்காரர் யார், கடன் பட்டவர் யார் என்பது அடுத்தடுத்து வரும் முன்கதைகளின் நெரிசலில் கரைந்துபோகிறது.

இனி நம் கரைக்கு வருகிறேன். மன்னார் வளைகுடாவின் முத்துக்கரையில் எதற்காகக் கடன்வாங்கிய பேய் வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ ஒரு செய்தியை எழுதிவைத்தார். முத்துக் குளிப்பவர்களைப் பெரிய மீன்கள் தாக்காதபடி மந்திரத்தால் கட்டிவைக்கப் பிராமணர்களை அமர்த்துவார்கள். எடுத்த முத்தில் பத்தில் ஒன்று அரசனுக்கு. இருபதில் ஒன்று அந்த மந்திரக்காரர்களுக்கு. இதில் என்னை உலுக்கும் பகுதி பின்னால் வருகிறது. மந்திரம் பகலுக்கு மட்டும்தான். பொழுது சாய்ந்ததும் கட்டை அவிழ்த்துவிடுவார்கள். இரவில் திருட்டுத்தனமாக யாரும் முத்தெடுக்கப் போகாதபடி, மீன்கள் விருப்பம்போல் திரியலாம்.

யோசித்துப் பாருங்கள். காவலும் கொலையும் ஒரே மந்திரத்தின் இரண்டு பக்கங்கள். பகலில் உயிரைக் காக்கிற அதே வாய்தான் மாலையில் கடலை அவிழ்த்துவிடுகிறது. இரவில் ஒரு படகு கடலுக்குள் போகிறது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான பின்புலம் எந்தத் திரைக்கதை ஆசிரியருக்குக் கிடைக்கும்?

இந்த மந்திரக்காரருக்குத் தமிழில் ‘கடல்கட்டி’ என்று பெயர். தொழில் பரம்பரை வழியாக வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைப் பக்கத்துச் சிலாபங்களில் — முத்துக்குளிப்பைச் சிலாபம் என்றுதான் சொல்வார்கள் — ஆங்கிலேய அரசே கடல்கட்டியை வைத்திருந்தது. அவர் வந்தாலொழியக் குளியாளிகள் நீரில் இறங்க மறுத்தார்கள். எமர்சன் டென்னன்ட் 1859-இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் இதைப் பதிவுசெய்திருக்கிறார். அவர் காலத்துக் கடல்கட்டி கத்தோலிக்கர். அதனால் குளியாளிகளின் நம்பிக்கை ஒன்றும் குறைந்துவிடவில்லை. மார்க்கோ போலோ காலத்தில் பிராமணர்கள் ஓதிய மந்திரத்தை, ஞானஸ்நானம் பெற்ற ஒரு குடும்பம் அரசுச் சம்பளத்தில் ஓதியிருக்கிறது. 1530-களில் பரதவர்கள் கூட்டமாகக் கத்தோலிக்கம் தழுவியதும், 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் வந்ததும், 1658-இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பறித்ததும் எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. அந்த மாற்றங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் மாறாமல் ஓடிவந்த பயம் ஒன்று உண்டு. அந்தப் பயத்தின் பெயர்தான் கடல்கட்டி. எந்தத் தமிழ்ப் படத்திலும் நான் அவரைப் பார்த்ததில்லை.

குளிப்பு எப்படி நடந்தது என்பதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அதிலேயே திகில் இருக்கிறது. முத்துச் சிப்பி கிடக்கும் கடலடித் திட்டுக்குப் பார் என்று பெயர். ஆழம் பெரும்பாலும் 5 முதல் 10 பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி). குளியாளி, கனமான கல்லைக் கட்டிய கயிற்றில் கால் வைத்து இறங்குவார். கீழே போனதும் கல்லை விட்டுவிட்டுக் கைக்குக் கிடைத்த சிப்பிகளை வலைக்கூடையில் அள்ளுவார். மூச்சு ஒரு நிமிடத்துக்குச் சற்று முன்பின். பிறகு கயிற்றைச் சுண்டுவார். மேலே இருப்பவர் இழுப்பார். அந்தச் சுண்டல் தெரியாமல் போனால், அல்லது தெரிந்தும் ஒரு கணம் தாமதித்தால், எல்லாம் முடிந்தது. கயிறு பிடிக்கிறவர் மச்சானாக, அதாவது மனைவியின் உடன்பிறந்தவனாக இருக்கவேண்டும் என்று ஒரு வழக்கு சொல்லப்படுவதுண்டு. தன் அக்காளோ தங்கையோ தாலியறுக்க அவன் விடமாட்டான் என்பது காரணம். ஒரு குடும்பத்தின் அன்பு, சந்தேகம், சொத்துத் தகராறு எல்லாம் ஒரு கயிற்றில் தொங்கும் காட்சி இது. ஒரு நிமிடம் இசையில்லாமல் அந்தக் கயிற்றை மட்டும் காட்டினால் போதும், அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

கரையில் நடந்தது வேறு வகைத் திகில். சிப்பிகளைக் குவியல் குவியலாகப் போட்டு அழுகவிடுவார்கள். சதை புழுத்துக் கரைந்த பிறகுதான் கழுவி முத்தெடுக்க முடியும். பல்லாயிரம் பேர் சில வாரங்களுக்கென்று ஒரு மணல்வெளியில் கூடியிருக்க, ஈயும் நாற்றமும் காற்றை நிறைக்கும். காலரா வந்து சிலாபம் பாதியில் கலைந்த ஆண்டுகள் உண்டு. 1906-இல் இலங்கையின் மறிச்சுக்கட்டிச் சிலாபத்தில் இளம் அதிகாரியாக வேலை பார்த்தவர் லெனார்ட் வுல்ஃப். பின்னாளில் எழுத்தாளர் வெர்ஜினியா வுல்ஃபின் கணவர். அந்த நாற்றத்தைத் தன் நினைவுக் குறிப்புகளில் அவர் மறக்காமல் எழுதினார். 1863-இல் பாரிஸில் அரங்கேறிய பிஸேயின் முத்துக்குளிப்போர் இசை நாடகமும் இந்தக் கடலைத்தான் களமாகக் கொண்டது. அங்கே காதலும் நிலவும் இனிய குரல்களும் இருக்கின்றன, புழு இல்லை. தொலைவிலிருந்து பார்க்கிறவருக்கு முத்து மட்டும் தெரிவதை மன்னிக்கலாம். நாமும் அப்படிப் பார்க்கவேண்டியதில்லை.

எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்குதான் இலங்கையின் அரசுச் சிலாபங்களில் குளியாளிக்கு, மீதி அரசுக்கு. முத்து போன கழுத்துகளையும் குளித்தவர் திரும்பிய குடிசையையும் ஒரே படத்தில் வைத்தால் தும்பாட்டின் பொற்காசுக்குக் குறையாத ஒரு சாபம் கிடைக்கும். அதோடு இன்னொரு மர்மம். பார்கள் சொல்லாமல் கொள்ளாமல் வறண்டுபோகும். ஓர் ஆண்டு கோடிக்கணக்கில் கிடக்கும் சிப்பி அடுத்த ஆண்டு இருக்காது. தூத்துக்குடிப் பக்கம் 1920-களின் இறுதிக்குப் பிறகு 1955 வரை சிலாபம் திறக்கவில்லை. மீண்டும் தொடங்கி 1961-இல் நின்றது, இன்றுவரை திறக்கப்படவில்லை. 1973-இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் முத்தைச் செயற்கையாக விளைவித்துக் காட்டினார்கள். குளியாளியின் கயிறு அதற்குள் சுருட்டி வைக்கப்பட்டுவிட்டது. கடலே ஒரு ஊரைக் கைவிட்டது என்பதை இதைவிட எப்படிச் சொல்வது? கிங்ஸ்டனின் ஊருக்குக் கடல் மூடிக்கிடக்கிறது என்றபோது என் மனம் போனது இங்கேதான். படம் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

1982 என்ற ஆண்டைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். தூத்துக்குடிப் பனிமய மாதா கோயில் பேராலயமாக உயர்த்தப்பட்டது அந்த ஆண்டில்தான். 1582-இல் மாதாவுக்கு முதல் கோயில் எழுந்து 400 ஆண்டுகள் நிறைந்த ஆண்டு. ஊரே விழாக்கோலத்தில் இருந்த அந்தக் காலத்தில் பக்கத்துச் சிற்றூரில் பிணங்கள் ஒதுங்கின என்று கதை சொன்னால், பெருமைக்கும் பயத்துக்கும் நடுவில் எத்தனை கேள்விகள் எழும்! தேதியைப் போட்டுவிட்டு, அந்தத் தேதியில் ஊர் எப்படி இருந்தது என்று கேட்காமல் போவதுதான் காலத்தை உடையாக்குவது.

இந்தக் கரையில் வெளியாளுக்கும் வீட்டாளுக்கும் எல்லைக்கோடு போடுவதும் எளிதல்ல. பெர்னாண்டோ, ரோச், மோத்தா, மச்சாது என்ற பெயர்கள் இங்கே நம்மவர் பெயர்கள். சாவி, சன்னல், மேசை, அலமாரி என்று தமிழர் எல்லோரும் புழங்குகிற வீட்டுப் பொருள்களின் பெயர்களே போர்ச்சுக்கீசியத்திலிருந்து வந்தவை. வந்தவன் பேய், நாம் அப்பாவிகள் என்ற வாய்ப்பாடு சென்னையில் செல்லலாம்; புன்னைக்காயலிலும் மணப்பாட்டிலும் செல்லாது.

மணப்பாடு என்றதும் சவேரியாரின் 1544-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று நினைவுக்கு வருகிறது. வடுகர் எனப்பட்ட தெலுங்கர் படை இறங்கிவந்து கரையூர்களைச் சூறையாடுகிறது. குமரிமுனைப் பக்கத்து மக்கள் உயிர் தப்பக் கடலுக்குள் இருக்கும் பாறைகளில் ஏறிக்கொள்கிறார்கள். அங்கே சோறில்லை, தண்ணீரில்லை. பசியிலும் தாகத்திலும் சிலர் சாகிறார்கள். மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு சவேரியார் கிளம்புகிறார். எதிர்க்காற்று விடவில்லை. துடுப்புப் போட்டும் முன்னேற முடியாமல் தோணிகள் திரும்பிவிட்டன. சுற்றிலும் தண்ணீர், நடுவில் தாகத்தால் சாகும் மனிதர்கள், அடிவானத்தில் வந்துசேராத பாய்கள். இந்தக் காட்சியை எந்தப் பேயும் மிஞ்சமுடியாது.

கடற்கரைத் தமிழ்ப் படங்களில் இந்த உண்மைக்கு மிக அருகில் போனது பேய்ப்படமே அல்ல. சீனு ராமசாமியின் ‘நீர்ப்பறவை’யில் (2012), கடலுக்குப் போய்த் திரும்பாத கணவனுக்காகப் பல ஆண்டுகளாகக் காத்திருப்பதாக எஸ்தரைப் பற்றி ஊர் நினைக்கிறது. வீட்டுக்குள்ளேயே அவனைப் புதைத்திருக்கிறாள் என்பது மகனுக்குத் தெரியவருகிறது. சுட்டுக் கொல்லப்பட்டவனின் உடலோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த பெண். நந்திதா தாஸின் முகத்தில் அந்த ஆண்டுகள் எல்லாம் தெரிந்தன. மறு ஆண்டு வந்த மணிரத்னத்தின் ‘கடல்’, மணப்பாட்டின் மணலையும் கோயிலையும் அழகாகப் படம்பிடித்தது. சாத்தானைப் பற்றியும் பேசியது. எனக்கு அதில் கடலைவிட வானம்தான் நினைவிருக்கிறது.

மீண்டும் கிங்ஸ்டனுக்கு. குறையையே அடுக்குவது நியாயமல்ல. பேய்ப்படம் என்றால் பங்களா, கிணறு, கண்ணாடி என்று ஊறிப்போன தமிழ்த்திரையில், படகையே பேய்வீடாக்கத் துணிந்தது பெரிய காரியம். கோகுல் பினாயின் ஒளிப்பதிவில் இரவுக்கடல் கனமாக இருக்கிறது. கரையில் நிற்கும் பெண்களின் பயம் நடிப்பாகத் தெரியவில்லை. பெரிய நாயகனோ பெருஞ்செலவோ இல்லாத ஒரு முதல் பட இயக்குநர் கணினி வரைகலையில் இவ்வளவு செய்ததை மதிக்கிறேன். ஆனால் அவருடைய பேய்கள் எங்கிருந்து வருகின்றன? உடல் சிதைந்து, கூட்டமாகப் பாய்ந்து, கடித்துக் குதறும் அந்த உருவங்கள் ஆங்கிலப் படங்களில் நாம் நூறு முறை பார்த்தவை. எந்தக் கடலிலும் இறங்கும், எந்தப் படகிலும் ஏறும். வாடையும் கச்சானும் கொண்டலும் அறிந்த ஊரில், காற்று மாறியது கண்டு பயப்பட ஒருவருக்கும் நேரமில்லை. சுறாவைக் கட்டத் தெரிந்த ஒருவரின் பேரன்கூட அந்தப் படகில் இல்லை.

சிலர் சொல்வார்கள்: பயமுறுத்தத்தானே படம், வரலாற்றுப் பாடம் எடுக்கவா? இந்தக் கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. பாடம் எடுக்கும் படம் எனக்கும் வேண்டாம். ஆனால் பயம் என்பது நம்பிக்கையின் மறுபக்கம். நம்பாத ஒன்றுக்கு உடல் பயப்படாது. ஒரு ஊர் தலைமுறை தலைமுறையாக எதற்குப் பயந்ததோ அதற்குத்தான் அந்த ஊரின் உடல் சிலிர்க்கும். வரலாறு தெரியாத பார்வையாளரையும் அது தொற்றிக்கொள்ளும். தும்பாட் கிராமத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் அந்த மழை என்மேலும் பெய்தது.

இன்றைய கடலிலும் கதை தீர்ந்துவிடவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு, சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டியெடுத்ததால் கடலுக்குள் போய்விட்டன. அவற்றில் விலங்குச்சல்லி தூத்துக்குடிக்கு அருகிலேயே இருந்த தீவு. வான்தீவு பெரும்பகுதியை இழந்து, செயற்கைத் திட்டுகளின் துணையால் தாக்குப்பிடிக்கிறது. நம் வீட்டுச் சுவருக்குப் பூசிய சுண்ணாம்பில் ஒரு தீவு கரைந்திருக்கிறது. இந்தப் பாவத்துக்கு வெளியாள் யாரையும் கைகாட்ட முடியாது. சங்குக்குளி இன்னமும் நடக்கிறது. கம்ப்ரசர் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்கிக் கைகால் விழுந்தவர்கள் இருக்கிறார்கள்.

‘கிங்ஸ்டன்’ ஒருமுறை பார்க்கத் தகுந்த படம். பாதிக் கிணறு தாண்டிய படம். இரவில் கடலுக்குள் போகவேண்டும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது, யாரைத் துணைக்குக் கூப்பிடவேண்டும் என்று தெரியவில்லை. அடுத்த படகை இறக்கப்போகும் இயக்குநர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். 1961-இல் கடைசிச் சிலாபத்தில் 20 வயதில் கல்லோடு இறங்கிய ஒருவருக்கு இன்று 80-க்கு மேல் வயது. திரைக்கதையில் முதல் வரி எழுதுவதற்கு முன் திரேஸ்புரத்துக்கும் புன்னைக்காயலுக்கும் வாருங்கள். அவர் பேசும் நிலையில் இருக்கும்போதே வாருங்கள்.